பரம்பரையாக வருவது காவல் நிலையக் கோப்பு

மேற்கு தில்லியின் ஜனக்புரியை ஒட்டி நீள்கின்றன திகார் சிறையின் மதில்கள். 1950-களின் இறுதியில் திகார் என்னும் சிற்றூரின் நிலத்தில் எழுந்த சிறை அது. பின்னர் நகரம் அதைச் சூழ்ந்து வளர்ந்தது. தில்லி வளர்ச்சி ஆணையம் உருவாக்கிய ஜனக்புரிக் குடியிருப்புகளில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வங்கி ஊழியரும் குடியேறினர். அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு; தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்குதான் நடைபெறுகிறது. கைதிகளின் உழைப்பில் உருவாகும் ரொட்டியும் பிஸ்கட்டும் ‘டி.ஜே.’ என்னும் வணிகப் பெயரில் மதிலைத் தாண்டி விற்பனைக்கு வருகின்றன.

அதே சிறையின் வாயிலில், ‘முலாகாத்’ எனப்படும் சந்திப்புக்காகக் கைதிகளின் குடும்பத்தினர் காத்திருப்பது அன்றாடக் காட்சி. கையில் துணிப்பை, இடுப்பில் குழந்தை. அந்தக் குழந்தையைப் பார்க்கும் நடுத்தர வர்க்கம் தயக்கமின்றி ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகிறது: அப்பன் உள்ளே, நாளைக்குப் பிள்ளையும் உள்ளே. தில்லியில் இது இந்தியில் சொல்லப்படுகிறது; மதுரையிலும் சென்னையிலும் தமிழில் சொல்லப்படுகிறது. ‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்ற பழமொழி துணைக்கு அழைக்கப்படுகிறது. சற்றுப் படித்தவர் மரபணு என்கிறார். சற்று இரக்கம் உள்ளவர் வளர்ப்பு என்கிறார். அனைவரும் வந்து சேரும் முடிவு ஒன்றே: குற்றம் குடும்பத்துக்குள் கைமாறுகிறது, ஆகவே கண்காணிக்கப்பட வேண்டியது குடும்பம்.

இது திண்ணைப் பேச்சோடு முடிந்துபோகும் கருத்தாக இருந்தால் அதற்காகத் தாளும் மையும் செலவிட வேண்டியதில்லை. இக்கருத்து இந்திய மண்ணில் ஒன்றரை நூற்றாண்டுக் காலமாகச் சட்டமாகவும் விதியாகவும் பதிவேடாகவும் வாழ்ந்து வருகிறது. அது மக்களைச் சுட்டுக் கொன்றிருக்கிறது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்திருக்கிறது. இன்று வீடுகளை இடிக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்ச் சேருவது உண்மையில் எது என்று சான்றுகளைக் கொண்டு பார்த்தால், வறுமையும் காவல் நிலையக் கோப்புமே முதலில் கண்ணில் படுகின்றன. அந்தக் கோப்பைத் திறந்தவர் யார், மூடாமல் காத்து வருபவர் யார் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பரம்பரைக் குற்றவாளி என்ற கோட்பாட்டுக்கு அறிவியல் வேடம் போட்டவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டிய நூல், அமெரிக்கரான ரிச்சர்ட் டக்டேல் 1877-இல் வெளியிட்ட ‘ஜூக்ஸ்’ குடும்ப ஆய்வு. நியூயார்க் மாநிலத்துச் சிறைகளைப் பார்வையிடச் சென்ற அவர், ஒரே சிறையில் ஒருவருக்கொருவர் உறவினரான கைதிகள் பலரைக் கண்டு, அந்தக் குடும்பத்தின் கிளைகளைத் தேடிப் பதிவு செய்தார். டக்டேல் சூழலின் பங்கை வலியுறுத்தியவர். சூழலை மாற்றினால் மனிதர் மாறுவர் என்று எழுதியவர். அவருக்குப் பின் வந்த இனமேம்பாட்டுவாதிகளோ சூழலை உதறிவிட்டு இரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். அந்தச் சிந்தனை 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ‘பக் எதிர் பெல்’ தீர்ப்பில் வந்து நின்றது. தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையும் அறிவுக்குறை உடையவை எனக் காரணம் காட்டி, ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அத்தீர்ப்பு இசைவளித்தது. அந்தப் ‘பேத்தி’ பின்னர் பள்ளியில் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். அதற்குள் சட்டம் தன் வேலையை முடித்திருந்தது. அந்நாட்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இத்தகைய சட்டங்களின்கீழ்க் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர்.

இவற்றைப் பழங்கதை என்று ஒதுக்குவோர் புதிய ஆய்வுகளைக் காட்டுவர். காட்டட்டும். இலண்டன் மாநகரின் தென்பகுதியில், உழைக்கும் மக்கள் வாழும் வட்டாரத்துச் சிறுவர் 411 பேரை 1961 முதல் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது கேம்பிரிட்ஜ் ஆய்வு. டொனால்டு வெஸ்ட் தொடங்கி, டேவிட் ஃபாரிங்டன் தொடர்ந்து நடத்திய அந்த ஆய்வில், ஏறத்தாழ 6 விழுக்காட்டுக் குடும்பங்களில்தான் மொத்தத் தண்டனைகளில் பாதி குவிந்திருந்தது. இந்த எண்ணைக் கேட்டதும் பரம்பரைவாதிகள் மகிழ்ந்துவிடுகின்றனர். ஆனால் அங்கே எண்ணப்பட்டவை நீதிமன்றத் தண்டனைகள். எவர் பிடிக்கப்பட்டார், எவர் எச்சரிக்கையோடு விடப்பட்டார் என்பதைக் காவலர் முடிவு செய்த பிறகு கிடைத்த எண்ணிக்கை அது.

இதே ஆய்வின் தரவுகளைக் கொண்டு பெசெமர், ஃபாரிங்டன், பெய்லவெல்ட் ஆகிய மூவர் 2013-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். தாம் செய்த குற்றங்களைப் பற்றி அந்த ஆண்கள் தாமே சொன்ன கணக்கையும், அவர்கள் பெற்ற தண்டனைகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். சொந்த வாக்குமூலத்தின்படி குற்ற அளவு ஒன்றாக இருந்தபோதும், பெற்றோர் தண்டனை பெற்றிருந்தால் மகனும் தண்டனை பெறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. குறைந்த வருமானமும் மோசமான குடியிருப்பும் அந்த வாய்ப்பை மேலும் கூட்டின. அதாவது, காவலரின் கண் முதலில் தந்தையின் கோப்பில் விழுகிறது. பிறகு மகனின் தோளில் விழுகிறது. குடும்பச் சூழலுக்குப் பங்கே இல்லை என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் ‘பரம்பரை’ என்று எண்ணப்படுவதில் ஒரு பகுதியை அரசே உற்பத்தி செய்கிறது என்பதை அது மறுக்க முடியாதபடி காட்டுகிறது.

சட்டம் பெற்றெடுத்த பரம்பரை

இலண்டனில் காவலரின் மனச்சாய்வாக இருந்தது இந்தியாவில் வெளிப்படையான சட்டமாக இருந்தது. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், தனிமனிதரை விட்டுவிட்டுச் சமூகங்களைக் குற்றவாளிகளாக அறிவித்தது. சாதிதோறும் தொழில் பரம்பரையாக வருவதுபோல் களவும் பரம்பரையாக வருகிறது என்பதே அதன் கர்த்தாக்கள் முன்வைத்த வாதம். இங்கே காலனிய அதிகாரியின் இனவாதமும் உள்நாட்டுச் சாதியக் கோட்பாடும் கைகுலுக்கிக் கொண்டன. பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கும் என்பதை ஏற்றுக்கொண்ட சமூகத்தில், பிறப்பே குற்றத்தையும் தீர்மானிக்கும் என்று சொல்லப்பட்டபோது மேட்டுக்குடியினர் வியப்படையவில்லை.

எந்தச் சமூகங்கள் அந்தப் பட்டியலில் ஏறின என்று பார்த்தால் சட்டத்தின் வர்க்க உள்ளடக்கம் புலப்படும். தென்னிந்தியக் குறவர்கள் கடற்கரையிலிருந்து உப்பையும் உள்நாட்டிலிருந்து தானியத்தையும் கழுதைகளிலும் மாடுகளிலும் ஏற்றிச் சென்று விற்றவர்கள். ஆங்கிலேயரின் உப்புக் கொள்கையும் இரயில்பாதையும் அந்த வாணிகத்தைச் சிதைத்தன. 1876-78 பெரும் பஞ்சம் எஞ்சியதையும் அழித்தது. வாழ்வாதாரத்தைப் பறிகொடுத்து அலைந்தவர்களை, அலைவதே குற்றம் என்று சொல்லிப் பட்டியலில் ஏற்றியது அரசு. நிலத்திலிருந்து துரத்தப்பட்ட ஆங்கிலேய உழவர்களை, நாடோடிகள் என்று முத்திரை குத்திச் சவுக்கால் அடித்த சட்டங்களைப் பற்றி ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் விரித்துரைத்திருக்கிறார். அதே வரலாறு இங்கே சாதியின் உடையை அணிந்து வந்தது.

1911-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணம் முழுமையாக இதன் பிடிக்குள் வந்தது. பெயர்ப்பதிவு, கைரேகை, இரவு வருகைப்பதிவு, ஊர் தாண்ட அனுமதிச்சீட்டு ஆகியவை கட்டாயமாயின. குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறை ஆயுள் முழுவதும் நாடுகடத்தல். ‘கைரேகைச் சட்டம்’ என்று மக்கள் வெறுத்துரைத்த இதை எதிர்த்து உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் மக்கள் திரண்டபோது, 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். அம்மக்களுக்காக நீதிமன்றங்களில் வாதாடிய ஜார்ஜ் ஜோசப்பை மதுரை வட்டாரம் ‘ரோசாப்பூ துரை’ என்று அன்போடு நினைவில் வைத்திருக்கிறது.

இந்தச் சட்டத்தின் மிகக் கொடிய பகுதி பிள்ளைகளைப் பற்றியது. 1897-ஆம் ஆண்டுத் திருத்தம், நான்கு முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க வழிசெய்தது. பின்வந்த சட்டங்கள் கீழ்வயதை ஆறு என்று மாற்றின. பிரிக்கும் அதிகாரத்தை விடவில்லை. குற்றம் பரம்பரையாக வருகிறது என்றால், பரம்பரையை வெட்டுவதே தீர்வு என்பது அதன் தருக்கம். வெட்டப்பட்ட பரம்பரை எங்கே போயிற்று? மலிவான உழைப்பாகத் தொழிற்சாலைக்குப் போயிற்று. இன்றைய ஆந்திரத்தில் உள்ள ஸ்டூவர்ட்புரத்தில் இரட்சணிய சேனை நடத்திய குடியிருப்பிலிருந்து எருக்குல மக்கள் சீராலாவின் புகையிலைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டனர். சோலாப்பூர்க் குடியிருப்பிலிருந்து நூற்பாலைகளுக்கு ஆள் கிடைத்தது. கூலி உயர்வு கேட்க முடியாத, வேலையை விட்டு வெளியேறினால் கைதாகக்கூடிய தொழிலாளியைவிட முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

பெயர் மாறியது, பதிவேடு மாறவில்லை

சென்னை மாகாணம் 1947-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீக்கியது. மறு ஆண்டே, 1948-இல், வழக்கமாகக் குற்றம் புரிவோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1952 ஆகஸ்டு 31 அன்று நீங்கியது. அந்த நாளைச் சீர்மரபினர் தம் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர். ஆனால் பல மாநிலங்களில் அந்த இடத்தை ‘வழக்கமான குற்றவாளி’ சட்டங்கள் நிரப்பின. சமூகம் என்ற சொல் போயிற்று. காவலரின் நினைவில் இருந்த பட்டியல் போகவில்லை. இச்சட்டங்களை நீக்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இலும், இனப்பாகுபாட்டு ஒழிப்புக்கான ஐக்கிய நாடுகள் குழு 2007-இலும் சொல்லிவிட்டன. ஆட்சிகள் மாறின, சட்டங்கள் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 129-ஆம் பிரிவாக மறுபிறவி எடுத்திருக்கிறது. வழக்கமாகத் திருடுபவர் என்று கருதப்படுவோரிடம் நன்னடத்தைப் பிணை கேட்க அது வழிசெய்கிறது. ஒருவர் வழக்கமான குற்றவாளி என்பதை ஊரில் அவருக்குள்ள பொதுப்பெயரைச் சான்றாகக் கொண்டே நிறுவலாம் என்ற விதியும் உடன் வந்திருக்கிறது. பெயர் கெட்டிருப்பதே சான்று. பெயரைக் கெடுத்தது பதிவேடு. வட்டம் முழுமையாகிறது. காலனிய அடையாளங்களைத் துடைத்தெறியும் சட்டங்கள் என்று ஒன்றிய ஆட்சியாளர்கள் முழங்கிக் கொண்டுவந்த சட்டத்தின் யோக்கியதை இது.

சிறைக்குள் நிலைமை இன்னும் வெளிப்படையாக இருந்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பல மாநிலச் சிறை விதிகளை வரிசையாக எடுத்து வைத்தது. சீர்மரபினர் ஒருவரை மாநில அரசு விரும்பினால் வழக்கமான குற்றவாளியாக நடத்தலாம் என்றது மத்தியப் பிரதேச விதி. துப்புரவுப் பணியைக் குறிப்பிட்ட சாதியினருக்கே ஒதுக்கியது மேற்கு வங்க விதி. இத்தகைய விதிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று அறிவித்த நீதிமன்றம், சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்கவும் ஆணையிட்டது. குடியரசு பிறந்து முக்கால் நூற்றாண்டு ஆகும்வரை அந்தப் பத்தி அங்கே இருந்தது என்பதுதான் இத்தீர்ப்பு சொல்லாமல் சொல்லும் செய்தி.

‘உறவுகளும் தொடர்புகளும்’

தலைநகரின் காவல்துறை எந்த விதியின்கீழ்ச் சரித்திரப் பதிவேடு திறக்கிறது? 1934-ஆம் ஆண்டின் பஞ்சாப் காவல் விதிகளின்கீழ். ‘ஹிஸ்டரி ஷீட்’ எனப்படும் அந்தப் படிவத்தில் உறவுகளும் தொடர்புகளும் என்று ஒரு பகுதி உண்டு. ஓக்லா தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த அமானத்துல்லா கான்மீது 2022-இல் தில்லிக் காவல்துறை திறந்த பதிவேட்டில், பள்ளி செல்லும் அவருடைய பிள்ளைகளின் விவரங்களும் ஏறியிருந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிபதிகள் சூர்ய காந்த், கே.வி. விசுவநாதன் அமர்வு 2024 மே 7 அன்று தீர்ப்பளித்தது. அதற்குமுன், வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, காவல்துறை தன் நிலையாணையைத் திருத்திக்கொண்டது: குற்றவாளிக்கு அடைக்கலம் தந்தமைக்குச் சான்று இருந்தாலன்றி, வயதுவராத மகன், மகள், உடன்பிறந்தார் பற்றிய விவரங்கள் பதிவேட்டில் ஏறக்கூடாது. பதிவேடுகளை மூத்த அதிகாரி ஒருவர் காலமுறையில் தணிக்கை செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோரைச் சேர்ந்த நிரபராதிகள் இயந்திரகதியில் இப்பதிவேடுகளில் ஏற்றப்படுவதைக் கருதி, மற்ற மாநிலங்களும் இதே வழியைப் பின்பற்றுவது குறித்து முடிவெடுக்குமாறு பணித்தது.

சட்டமன்ற உறுப்பினருக்கு உச்ச நீதிமன்றம் வரை செல்ல வழி இருந்தது. குப்பை பொறுக்கி வாழ்பவரின் பிள்ளையுடைய பெயர் எந்தப் பதிவேட்டில் எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்க யார் இருக்கிறார்கள்? அந்தப் பதிவேட்டை அவர் பார்க்கவும் முடியாது. இதில் உள்ள முரண் நகைப்புக்குரியது. சிறார் நீதிச் சட்டம், ஒரு சிறுவன் தானே குற்றம் செய்திருந்தாலும் அதன் பதிவை உரிய காலத்துக்குப்பின் அழித்து அவனுக்குப் புதுவாழ்வு தர வேண்டும் என்கிறது. காவல் விதியோ, எக்குற்றமும் செய்யாத சிறுவனைத் தந்தையின் பதிவேட்டில் ஏற்றி வைத்திருந்தது. மகன் வளர்ந்து பதினெட்டைத் தாண்டும் நாளில், அவனைப் பிடிப்பதற்கு முகவரி தேட வேண்டிய தேவையே இருந்திருக்காது.

சிறை ஒரு குடும்பத்துக்கு என்ன செய்கிறது

2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவர், குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகள். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். தில்லிச் சிறைகளில் விசாரணைக் கைதிகளின் பங்கு இன்னும் கூடுதல். ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர். கொள்ளளவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு மனிதர் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர்.

பரம்பரை எவ்வாறு உருவாகிறது என்பதை இந்த எண்களின் பின்னால் உள்ள குடும்பத்தில் காணலாம். கட்டடத் தொழிலாளி ஒருவர் திருட்டு வழக்கில் கைதாகிறார் என்று கொள்க. அன்று முதல் கூலி நிற்கிறது. ஜாமீன் கிடைத்தாலும் சொத்துள்ள பிணையாள் வேண்டும்; வாடகைக் குடிசையில் வாழ்பவருக்குப் பிணை நிற்க நிலமுள்ள உறவினர் எங்கே? வழக்கறிஞர் கட்டணத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது. மனைவி இரண்டு வீடுகளுக்குப் பதில் ஐந்து வீடுகளில் பாத்திரம் துலக்குகிறாள். மூத்த மகன் பள்ளியை விடுகிறான். பட்டறையிலோ தேநீர்க் கடையிலோ நிற்கும் அந்தச் சிறுவனை, தெருவில் எது காணாமற்போனாலும் காவலர் முதலில் அழைத்துச் செல்கின்றனர். முதன்முறையாக வழக்கில் சிக்கியவரை மூன்றில் ஒரு பங்குத் தண்டனைக் காலம் கழிந்ததும் விடுவிக்கலாம் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை இல்லை என்றும் அதுவே சொல்கிறது. பதிவேட்டில் பெயர் உள்ளவர்மீது இரண்டாவது வழக்கு எளிதில் வந்து சேரும். இவ்வளவும் நடந்த பிறகு, ‘பார்த்தீர்களா, அப்பனைப் போலவே மகனும்’ என்கிறது ஊர்.

திகாரின் ஆறாம் எண் சிறை பெண்களுக்கானது. அங்கே தாயோடு குழந்தைகளும் வாழ்கின்றனர். ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, ஆறு வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம். குழந்தையைக் கைதியாக நடத்தக்கூடாது. சிறைக்குள் பிறக்க நேர்ந்தாலும் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடமாகச் சிறையைக் குறிக்கக்கூடாது. 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் தாயோடு இருந்த குழந்தைகள் 1,764 பேர். சான்றிதழில் சிறையின் பெயர் வரக்கூடாது என்று நீதிமன்றம் கவலைப்பட்டது சரியே. ஆறு வயது நிறைந்த நாளில் அந்தக் குழந்தை எந்த வீட்டுக்குப் போகும், அந்த வீட்டில் யார் சோறு போடுவார் என்ற கவலைக்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் வேண்டும். காவலுக்கும் மதிலுக்கும் பணம் ஒதுக்கும் அரசு, கைதியின் குழந்தையுடைய படிப்புக்கு ஒதுக்கத் தயங்குகிறது.

வீட்டை இடிக்கும் நீதி

குற்றம் குடும்பத்தின் சொத்து என்ற கோட்பாட்டுக்கு இக்காலத்தில் புல்டோசர் கிடைத்திருக்கிறது. ஒருவர்மீது வழக்குப் பதிவானதும், அவருடைய தாயும் மனைவியும் பிள்ளைகளும் வாழும் வீடு இடிக்கப்படுகிறது. உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் இதை ஆளுங்கட்சியினர் வீரமாகக் கொண்டாடினர். இடிக்கப்பட்ட வீடுகளில் பெரும்பான்மை முஸ்லிம்களுடையவை. 2022 ஏப்ரல் 20 அன்று வடக்கு தில்லியின் ஜஹாங்கீர்புரியில், நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னும் இயந்திரங்கள் ஓயவில்லை. ஆணையின் படியைக் கையில் ஏந்தி பிருந்தா காரத் இயந்திரத்தின் முன் போய் நின்றதை நாடு கண்டது. ஒருவர் குற்றம் சாட்டப்பட்டதற்காக முழுக் குடும்பத்தின் கூரையைப் பறிப்பது கூட்டுத் தண்டனை என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது. பெருங்காமநல்லூருக்கும் ஜஹாங்கீர்புரிக்கும் இடையே நூறாண்டும் இரண்டாயிரம் கிலோமீட்டரும் இருக்கலாம். இரண்டு இடங்களிலும் அரசு தண்டித்தது பிறப்பையே.

உண்மையாகவே பரம்பரையாக வரும் ஒன்று

பரம்பரைவாதிகளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். குடிசைக்காரரின் பேரனுக்கு மட்டும் ஏன் இந்தக் கோட்பாடு? வங்கிக் கடனை விழுங்கிய தொழிலதிபரின் மகன்மீது எந்தக் காவல் நிலையத்தில் பதிவேடு திறந்தார்கள்? ஏரிப் புறம்போக்கை வளைத்து எழுப்பிய மாளிகையைப் பேரன் ஆண்டு அனுபவிக்கும்போது அதைக் குற்றப் பரம்பரை என்று யார் சொன்னார்கள்? அங்கே குற்றத்தின் பலனே சட்டப்படி வாரிசுரிமையாகக் கைமாறுகிறது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முத்திரையும் விழுகிறது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகப் பெரும்பான்மையினர். கீழமை நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் வேறு சில மிராசுதாரர்களையும் தண்டித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1973-இல் அவர்களை விடுவித்தது. பெருநிலம் உடையவர்கள், அவர்களில் முதல்வர் கார் வைத்திருப்பவர், அப்படிப்பட்டவர்கள் தாமே நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்ற பொருள்படத் தீர்ப்பு எழுதப்பட்டது. குறவருக்குப் பிறப்பு குற்றத்தின் சான்று. மிராசுதாரருக்குச் சொத்து குற்றமின்மையின் சான்று. இவ்விரண்டும் ஒரே கோட்பாட்டின் இரு முகங்கள்.

‘அப்படியானால் களவும் கொள்ளையும் நடப்பதே இல்லையா? இடதுசாரிகள் குற்றவாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறார்களா?’ என்று கேட்போர் உண்டு. களவு நடக்கிறது, அதில் பெரிதும் இழப்பவர்கள் ஏழைகளே. கைப்பேசி பறிபோன தொழிலாளிக்கும் சேமிப்பைப் பறிகொடுத்த வீட்டுவேலைப் பெண்ணுக்கும் நீதி வேண்டும். அந்த நீதிக்கு முதல் எதிரி இந்தப் பரம்பரைக் கோட்பாடுதான். பதிவேட்டில் உள்ளவரைப் பிடித்து அடித்து ஒப்புதல் வாங்கினால் வழக்கு முடிகிறது, செய்தவர் தப்பிவிடுகிறார். 1993-இல் கடலூர் வட்டாரத்து முதனையில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாகண்ணுமீது திருட்டுப் பழி விழுந்தபோது, அவர் அகப்படாததால் மனைவியையும் உறவினரையும் காவலர் இழுத்துச் சென்றனர். பின்னர் பிடிபட்ட அவர் காவலில் கொல்லப்பட்டார். தப்பி ஓடிவிட்டார் என்று கதை கட்டப்பட்டது. மார்க்சிஸ்ட் கட்சியின் ஊழியர்களும் வழக்கறிஞர் சந்துருவும் நடத்திய நெடும் போராட்டத்தால் உண்மை வெளிவந்து காவலர்கள் தண்டிக்கப்பட்டனர். ‘ஜெய் பீம்’ திரைப்படம் 2021-இல் வந்தபோதுதான் பலருக்கு இது தெரிந்தது.

கடமை

‘ஜெய் பீம்’ பார்த்துக் கண்ணீர் விட்ட அதே தமிழ்ப் பார்வையாளர்கள், அதற்கு நான்காண்டுகளுக்கு முன் ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படத்தில் வடநாட்டுச் சமூகம் ஒன்று கொள்ளைக்காரப் பரம்பரையாகக் காட்டப்பட்டபோது கைதட்டினர். தம் ஊரில் இழிவென்று உணர்ந்ததை அடுத்தவர் ஊரில் உண்மையென்று நம்புவது எளிது. தில்லியில் ‘பாவரியா கும்பல்’ என்று நாளேடுகள் ஒரு முழுச் சமூகத்தின் பெயரைத் தலைப்பாக்கும்போது, பெருங்காமநல்லூரின் வாரிசுகளுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை என்றால் பெருங்காமநல்லூரில் இருந்து எதையும் கற்கவில்லை என்றே பொருள். கட்சி உறுப்பினரும் இதற்கு விலக்கல்லர். கிளைக் கூட்டத்தில் வர்க்கம் பேசிவிட்டு, வீடு திரும்பியதும் பக்கத்துக் குடிசைச் சிறுவனைச் சுட்டி ‘அவனோடு சேராதே’ என்று தம் பிள்ளைக்குச் சொல்பவர், 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தம் வீட்டில் அமல்படுத்துகிறார்.

கோரிக்கைகள் தெளிவானவை. ‘வழக்கமான குற்றவாளி’ சட்டங்கள் எஞ்சியுள்ள எல்லா மாநிலங்களிலும் நீக்கப்பட வேண்டும். சுகன்யா சாந்தா தீர்ப்பும் அமானத்துல்லா கான் தீர்ப்பும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒவ்வொரு சிறையிலும் நடைமுறைக்கு வந்தனவா என்று சட்டமன்றங்களில் எழுத்துமூலம் கேட்கப்பட வேண்டும். பதிவேட்டில் ஏற்றப்பட்டவருக்கு அதைக் கண்டு மறுக்கும் உரிமை வேண்டும். சொத்துப் பிணை கொடுக்க இயலாமல் சிறையில் கிடப்போரைச் சொந்தப் பொறுப்பில் விடுவிக்க வேண்டும். கைதிகளின் பிள்ளைகளுடைய கல்வியையும் உணவையும் அரசு ஏற்க வேண்டும்.

இவற்றை அரசிடம் கேட்கும் போதே, கிளைகள் செய்யக்கூடிய வேலையும் உண்டு. கட்சிக் கிளை இயங்கும் பகுதியில் ஒரு தொழிலாளி கைதானால், அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போவது. சட்ட உதவி மையத்தில் மனு எழுதித் தருவது. பள்ளி திறக்கும் நாளில் அந்த வீட்டுப் பிள்ளையின் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வழி காண்பது. காவலர் அந்தப் பிள்ளையைக் காரணமின்றி அழைக்கும்போது மாதர் சங்கத் தோழரும் வாலிபர் சங்கத் தோழரும் உடன் போய் நிற்பது. திகாரின் வாயிலில் தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தைக்கு அடுத்த ஜூலையில் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் வேண்டும். அதற்கு முன் வேறு பதிவேட்டில் அந்தப் பெயர் ஏறாமல் தடுப்பது, அந்தத் தெருவில் உள்ள கிளையின் பொறுப்பு.